வருஷம் இல்லாத காசு

பிணத்தின் நெற்றியில் ஒட்டியிருந்த காசைப் பார்த்ததும் உதயசூரியன் அப்படியே நின்றுவிட்டான்.

துக்கத்தால் அல்ல. துக்கம் விடியற்காலையில் செய்தி வந்தபோதே ஒரு பாட்டம் வந்து போயிருந்தது. இது வேறு.

சந்தனக் குழம்புக்கு நடுவில், ஏழு மூலைகளோடு, வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தது ஒரு பிரிட்டிஷ் இருபது பென்ஸ். மேலே தெரிந்தது ராணியின் முகம். முகத்தைச் சுற்றி எழுத்து இருந்தது. வருஷம் மட்டும் இல்லை.

'அடப் பாவி அண்ணே! அதையா எடுத்து வெச்சிருக்காங்க?'

ரங்கூனில், க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பின்சந்தில், மாடியில் இருந்தது அந்த வீடு. கீழே தார்ப்பாய் கட்டி பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்து பர்மாக்காரர்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, சத்தம் இல்லாமல் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் கரண்ட் இல்லை. யாரோ ஒரு பெண் பனையோலை விசிறியால் பிணத்துக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

படுத்திருந்தவர் தனசேகரன். வயது அறுபத்து நாலு. துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷனை விட அவருக்குப் பெரிய விஷயம் தப்பாக அடிக்கப்பட்ட காசுகள். அதிலும் பிரிட்டிஷ் காசுகள். உதயனுக்கும் அதே பைத்தியம்தான். லைங் தாயாவில் ஒரு கார்மென்ட் பாக்டரியில் சட்டைக் காலரில் கோணல் தையல் கண்டுபிடிக்கிற வேலை அவனுக்கு. வாரத்தில் ஆறு நாள் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குவான். ஏழாம் நாள் இங்கே வந்து சம்பளமில்லாமல் அதையே செய்வான்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டான். அண்ணன்தான் எழுந்திருக்கவில்லை. நேற்று ராத்திரி மாரடைப்பு.

சரி, அந்தக் காசுக்கு வருவோம்.

இருபது பென்ஸுக்கு இரண்டு காலம் உண்டு. பழைய காசில் ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் ரோஜாப்பூ. வருஷம் பூவின் பக்கம் இருக்கும். 2008இல் பூவை எடுத்துவிட்டு, அரச கேடயத்திலிருந்து ஒரு துண்டைக் கத்தரித்து வைத்ததுபோல் பாதிச் சிங்கத்தைப் போட்டார்கள். வருஷத்தை ராணியின் பக்கம் மாற்றினார்கள். அந்த மாற்றத்தில் நாணயச்சாலையில் எவனோ குழம்பிவிட்டான். பழைய ராணி அச்சையும் புதிய சிங்க அச்சையும் ஒன்றாக மாட்டி ஒரு தொகுதியை அடித்துத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பக்கமும் வருஷம் இல்லை, இந்தப் பக்கமும் வருஷம் இல்லை. சேகரிக்கிறவர்களுக்கு அது தங்கம்.

அப்படி ஒரு காசை உதயன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் கையாலேயே தனசேகரனுக்குக் கொடுத்திருந்தான். ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அவர் குழந்தை மாதிரிக் கெஞ்சினார். நீலக் காகித உறையோடு கொடுத்துவிட்டான்.

அது உதயனுடைய காசு இல்லை என்பதுதான் சிக்கல்.

காசு லண்டனில் இருக்கும் ஆபித்துடையது. சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் உட்காருகிற பையன், கல்லாவிலேயே கண்டுபிடித்தான். அவன் அம்மா பரீதா ரங்கூனுக்கு வந்தபோது, மாமன் ஷம்சுதீன் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று கொடுத்தனுப்பினான். இன்று ராத்திரி விமானத்தில் பரீதா திரும்புகிறாள். காசும் கூடவே போகவேண்டும். ஐந்து மணிக்கு அவள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிறாள்.

எடை பார்த்து, படம் எடுக்க ஷம்சுதீன் அதை உதயனிடம் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"யார் கையில வேணும்னாலும் காட்டு. சேகர் கையில மட்டும் குடுத்துடாதே."

காரணம் உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஷம்சுதீன் ஒரு அபூர்வமான பென்னியை இரவல் கொடுத்தார். தனசேகரன் அதைப் புளி போட்டு விளக்கி, விபூதியால் துடைத்து, குத்துவிளக்கு மாதிரிப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தார். விளக்கின காசுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு இல்லை. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நடுவில் தூது போகிறவன் உதயன்தான். இரண்டு பேரும் நம்பிய ஒரே ஆள்.

அந்த நம்பிக்கைதான் இப்போது சந்தனத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் அதுதானா இது? ராணி பக்கத்தை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. பழைய காசிலும் ராணி பக்கம் வருஷம் கிடையாது. கீழே பூ இருந்தால் சாதாரணக் காசு. பாதிச் சிங்கம் இருந்தால் ஆபித்தின் காசு. புரட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பிணத்தின் நெற்றியில் இருக்கும் காசை எப்படிப் புரட்டுவது?

"உதயா."

தோளில் கை விழுந்தது. திரும்பினான். ஷம்சுதீன்! மூங்கில் கடைத்தெருவில் குடைக்கடை வைத்திருக்கிறவர். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லோஞ்சி, தலையில் தொப்பி. கண் சிவந்திருந்தது.

"வாங்க பாய்."

"போயிட்டாரே மனுஷன். சண்டை போடறதுக்குக்கூட ஆள் இல்லாமப் பண்ணிட்டாரே." பாய் பிணத்தின் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "நம்ம சாமான் பத்திரமா இருக்கில்ல?"

"இருக்கு பாய்."

"கொண்டாந்திருக்கியா?"

"இல்ல… வீட்ல இருக்கு."

வாயிலிருந்து வந்துவிட்டது. இனி எடுக்க முடியாது.

"வீட்லயா? வரும்போது எடுத்தாந்திருக்கலாம்ல? சரி, தகனம் முடிஞ்சதும் டாக்சி பிடிச்சு நேரா லைங் தாயாவுக்கு உன் வீட்டுக்கே போயிடுவோம். பரீதா அஞ்சு மணிக்குக் கிளம்பறா. லேட் பண்ணிடாதே."

மணி பன்னிரண்டரை. பிணத்தை எடுத்துப்போகச் சங்கத்து வண்டி இரண்டு மணிக்கு வரும். உதயன் நெற்றியைத் துடைத்தான். தன்னுடைய நெற்றியை.

பர்மாவில் சில்லறைக் காசு புழக்கத்தில் இல்லை. எல்லாம் நோட்டுதான். ஆனால் தமிழன் செத்தால் நெற்றிக்கு ஒரு காசு வேண்டும். மற்ற வீடுகளில் மலேசியாவில் வேலை செய்கிற பிள்ளை கொண்டுவந்த சென், சிங்கப்பூர்க் காசு என்று எதையாவது தேடுவார்கள். தனசேகரன் வீட்டில் எதற்குத் தேடவேண்டும்? அலமாரி நிறையக் காசு. மேலாக இருந்ததை எடுத்து ஒட்டியிருப்பார்கள். அது எது?

"வாய்க்கரிசி போடறவங்க வரலாம்," என்று குரல் கொடுத்தார் பழனியப்பன். கோயில் பண்டாரம். சாவுச் சடங்கெல்லாம் அவர் கையில்தான்.

உதயன் முதல் ஆளாகப் போய் நின்றான்.

அரிசியை எடுத்தான். குனிந்தான். முகவாயைச் சுற்றித் தலைக்கு மேல் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. மூடிய உதட்டின்மேல் அரிசியைத் தூவினான். நிமிரவில்லை.

"அண்ணே," என்று விம்மினான். நிஜமாகவே விம்மல் வந்தது. அதோடு சேர்த்து இடது கையை நெற்றிமேல் வைத்தான். பாசத்தோடு தடவுகிறவன் மாதிரி. கட்டைவிரல் காசின் ஓரத்தைத் தேடியது. சந்தனம் காய்ந்திருந்தது. லேசாக நெம்பினான். காசு நழுவி உள்ளங்கையில் விழுந்தது.

ஒரு விநாடி.

ரோஜாப்பூ. 2002.

சாதாரணக் காசு! கண்ணை மூடிக் காசைத் திரும்ப நெற்றியில் வைத்து அழுத்தினான்.

"கூடப் பொறந்தவன்கூட இப்படி அழ மாட்டான்," என்றாள் விசிறிக்காரப் பெண், பக்கத்தில் இருந்தவளிடம்.

பழனியப்பன் மட்டும் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அடுத்த நிமிஷம் புதுக் கேள்வி முளைத்தது. இது இல்லையென்றால் அது எங்கே?

பின்கட்டில் புஷ்பலதா டீத் தூளை வெந்நீரில் கொட்டிக்கொண்டிருந்தாள். தனசேகரனின் ஒரே மகள். இருபத்து மூன்று வயது. தமிழ் புரியும், பேசுவாள். அவசரத்தில் பர்மிய மொழிதான் முதலில் வரும். முகம் வீங்கியிருந்தது.

"பாப்பா, அப்பாவோட காசுப் பெட்டி எங்கம்மா?"

"அலமாரியில மாமா. ஏன்?"

"நெத்திக்கு எடுத்தீங்கள்ல… அதான். வேற ஏதாச்சும் எடுத்தீங்களா?"

"ரெண்டு காசு. ஒண்ணு நெத்திக்கு. ஒண்ணு கடோகா."

உதயன் பிணம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

கடோகா. ஓடக்கூலி. செத்தவர் ஆற்றைக் கடந்து போகப் படகுக்காரனுக்குக் கொடுக்கவேண்டிய காசு. பர்மியர்கள் அதைப் பிணத்தின் வாய்க்குள் வைப்பார்கள். தனசேகரனின் மனைவி ராணிக்கு அம்மா பர்மாக்காரி. அந்த வீட்டில் தீபாவளியும் உண்டு, பகோடாவுக்கு விளக்கும் உண்டு. சாவு என்றால் நெற்றியிலும் காசு, வாயிலும் காசு.

"வாயில வெச்சது எந்தக் காசும்மா?"

புஷ்பலதா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பா கையில இருந்தது. பூதக்கண்ணாடி பக்கத்துல கிடந்துச்சு. ஒரு காசைக் கையில இறுக்கிப் பிடிச்சபடியே போயிட்டாரு மாமா. நான்தான் விரலைப் பிரிச்சு எடுத்தேன். அவ்வளவு ஆசையா வெச்சிருந்தாரே, அதையே கூட எடுத்துட்டுப் போகட்டும்னு…" அவளால் முடிக்க முடியவில்லை.

வாசலில் இருந்து அம்மா ராணியின் குரல் கேட்டது. "இல்லடி. கையில இருந்ததைத்தான் நெத்திக்கு வெச்சது. வாய்க்குப் போட்டது பெட்டியில எடுத்தது."

"இல்லம்மா. மாத்திச் சொல்றே."

"நான்தானே சந்தனம் குழைச்சேன்? எனக்குத் தெரியாதா?"

"அம்மா நீ அப்ப மயக்கமா கிடந்தே!"

"மயக்கமா கிடந்தவ எப்படிடி சந்தனம் குழைப்பா?"

தாயும் மகளும் அழுதுகொண்டே சண்டை போட்டார்கள். உதயன் நடுவில் நின்றான். தாய் சொல்வது சரி என்றால் தனசேகரன் ஏதோ ஒரு சாதாரணக் காசைப் பிடித்துக்கொண்டு செத்திருக்கிறார். ஆபித்தின் காசு பெட்டியிலோ வாயிலோ இருக்கலாம். மகள் சொல்வது சரி என்றால்… வேண்டாம், அதை நினைக்கவே வேண்டாம்.

"பாப்பா, ஒரு நீலக் காகித உறை இருந்துச்சா? சின்னதா?"

"கட்டில்ல கிடந்துச்சு. காலியா இருந்துச்சு. குப்பையில போட்டுட்டேன்."

"வாயில வெச்சது யாரு? நீயா?"

"பயமா இருந்துச்சு. கீழ்வீட்டு டோ த்வேதான் வெச்சாங்க."

உதயன் இரண்டிரண்டு படியாக இறங்கினான். டோ த்வே தார்ப்பாய்க்குக் கீழே, விதைத் தோல் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயதுக்காரி. கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு. அவளிடம் பர்மிய மொழியில் கேட்டான்.

"அம்மா, அந்தக் கடோகா காசைப் பார்த்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? காசு மாதிரி இருந்துச்சு."

"இல்லம்மா. படம். ஒரு பக்கம் ராணி. இன்னொரு பக்கம் பூவா?"

டோ த்வே ஒரு விதையை உடைத்து, மென்று, யோசித்தாள். "பூ இல்ல. சிங்கம். ஆனா முழுசா இல்ல. பாதியில வெட்டின மாதிரி. வெளிநாட்டுல சிங்கத்தைக்கூடவா முழுசாப் போட மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"ராணி பக்கம் நம்பர் இருந்துச்சா? வருஷம்?"

"கண்ணாடி போடலை தம்பி. அதுவும் இல்லாம நான் சாமான் வாங்கவா போனேன், நம்பர் பார்க்க?" பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். "இந்தக் கலாக்காரங்க துக்கத்துல என்னென்னமோ கேக்கறாங்க." கலா என்றால் பர்மிய மொழியில் இந்தியன்.

பாதிச் சிங்கம். கையில் இருந்தது. உறை காலி.

சந்தில் ஹாரன் கேட்டது. சங்கத்து வண்டி! இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பழனியப்பன் ஓதினார். நாலு பேர் தூக்கினார்கள். மாடிப்படியில் வளைவில் பாடை திரும்பவில்லை. "சாய்ங்க, சாய்ங்க, தலைப்பக்கம் சாய்ங்க" என்று பத்துப் பேர் பத்து விதமாகக் கத்தினார்கள். உதயன் தலைப்பக்கம் பிடித்திருந்தான். அவன் முகத்துக்கு முக்கால் அடி தூரத்தில், வெள்ளைத் துணிக்குக் கீழே, மூடிய உதடுகளுக்குப் பின்னால், ஆபித்தின் காசு.

துணியைத் தளர்த்தி இரண்டு விரலை விட்டால் போதும். இரண்டே விரல்.

தனசேகரன் சிரிப்பது மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை காசை வாங்கியபோது சிரித்த அதே சிரிப்பு. பாடை வளைவைத் தாண்டிவிட்டது.

ஊர்க்கோடித் தகனசாலையில் அவர்களுக்கு முன்னால் இரண்டு பிணங்கள் காத்திருந்தன. சுவர்ப் பலகையில் வரிசை எண் எழுதியிருந்தது. மணி இரண்டே முக்கால். ஷம்சுதீன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முப்பது, நாப்பது நிமிஷம் ஆகும்போல இருக்கு. உதயா, நீ இப்பவே கிளம்பி எடுத்துட்டு வந்துடேன்? நான் இருக்கேன் இங்க."

உதயன் அவரை மரத்தடிக்கு அழைத்துப் போனான்.

"பாய், காசு வீட்ல இல்ல."

"பின்ன?"

"சேகர் அண்ணன் வாயில இருக்கு."

ஷம்சுதீன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "யோவ். சாவு வீட்ல கிண்டலா?"

"கிண்டல் இல்ல பாய். சத்தியமா."

"யார் வாயில?"

"அண்ணன் வாயில. கடோகாவா வெச்சுட்டாங்க."

"நெத்தியில ஒண்ணு இருந்துச்சே?"

"அது வேற. அது 2002. நான் புரட்டிப் பார்த்துட்டேன்."

"எப்பய்யா புரட்டினே?"

"வாய்க்கரிசி போடும்போது."

பாய் தொப்பியைக் கழற்றினார். தலையைச் சொறிந்தார். மறுபடி போட்டார். "இரு. எனக்கு ஒண்ணும் விளங்கலை. நான் உன்கிட்ட குடுத்தேன். நீ வீட்ல வெச்சிருக்கேன்னே. அது எப்படி அவர் வாய்க்குப் போச்சு?"

உதயன் சொன்னான். வெள்ளிக்கிழமை, கெஞ்சல், ஒரு ராத்திரி, நீல உறை, இறுகிய கை, பாதிச் சிங்கம். சொல்லச் சொல்ல அவனுக்கே கேவலமாக இருந்தது. முடித்ததும் ஷம்சுதீன் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அமானிதம்யா அது. ஒருத்தன் நம்பி ஒப்படைச்ச சாமான். ஒரே ஒரு ஆள் கையில குடுக்காதேன்னேன். அந்த ஒரு ஆள் கையிலயே குடுத்துட்டு, மத்தியானம் என் மூஞ்சியப் பார்த்து வீட்ல இருக்குன்னும் சொல்லியிருக்கே."

"தப்புதான் பாய்."

"போ. போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிக் கேளு. நான் கேக்க மாட்டேன். என்கிட்ட வாங்கினவன் நீ."

"எப்படி பாய் கேக்கறது?"

"குடுக்கும்போது என்னைக் கேட்டியா?"

உதயன் நடந்தான். இருபது அடி தூரம். இருபது மைல் மாதிரி இருந்தது. பலகையில் எண் மாறிவிட்டது. இவர்கள் முறை! தகனசாலை ஊழியர் கையுறை மாட்டிக்கொண்டு, மோதிரம், கயிறு, காசு இருந்தால் எடுத்துவிடச் சொன்னார். பழனியப்பன் நெற்றிக்காசை எடுத்துப் புஷ்பலதா கையில் கொடுத்தார்.

"கடோகா?" என்று கேட்டார் ஊழியர்.

"வாயில இருக்கு," என்றாள் டோ த்வே.

"அது போகட்டும். அதை எடுக்கற வழக்கமில்ல."

ஊழியர் தள்ளுவண்டியின் பிடியில் கையை வைத்தார்.

"ஒரு நிமிஷம்!" உதயனின் குரல் கீச்சென்று வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். "புஷ்பா… அம்மா… அந்த வாயில இருக்கற காசு அப்பாவோடது இல்லம்மா."

அவள் விழித்தாள். "என்ன மாமா?"

"ஷம்சு பாயோடது. அவர் மருமவனோடது. என்கிட்ட குடுத்து வெச்சிருந்தாங்க. நான்தான் அப்பாகிட்ட ஒரு நாள் பார்க்கக் குடுத்தேன். யாரையும் கேக்காம குடுத்தேன். தப்பு என்னோடது. ஆனா அது இன்னிக்கு ராத்திரி லண்டன் போகணும்."

"அப்பா கையில இருந்துச்சே." அவள் சொன்னது அவ்வளவுதான். அப்புறம் பர்மிய மொழியில், தனக்குத்தானே: "மதீபூ… எனக்குத் தெரியலை, எனக்குத் தெரியலை."

பழனியப்பன் முன்னால் வந்தார். "என்னய்யா பேசறே? வாய்க்கரிசி போடறேன்னு நெத்திக்காசைப் புரட்டிப் பார்த்தியே, நான் பார்க்கலைன்னு நினைச்சியா? பெரிய மனுஷன் சாவுன்னு சும்மா இருந்தேன். இப்ப வாயில இருக்கறதும் வேணுமா?"

முணுமுணுப்பு எழுந்தது. விசிறிக்காரப் பெண் "த்தூ" என்றாள். உதயன் மரத்தடியைக் காட்டினான். "பாயைக் கேளுங்க," என்றான். "அவர் இங்கதான் இருக்காரு. அவரைக் கேளுங்க."

எல்லாத் தலையும் மரத்தடிப் பக்கம் திரும்பியது. ஷம்சுதீன் மெதுவாக நடந்து வந்தார்.

"மாமா, அது உங்க காசா?" என்று கேட்டாள் புஷ்பலதா.

பாய் அவளைப் பார்த்தார். நெற்றிக்காசை அவள் கைக்குள் இறுக்கி வைத்திருந்தாள், முஷ்டி வெளுத்திருந்தது. அப்புறம் வந்ததிலிருந்து முதல்முறையாகப் பிணத்தின் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னோடதா இருந்துச்சும்மா. உங்க அப்பாவுக்குக் குடுத்துட்டேன்."

உதயன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"நீங்களா? நீங்க அப்பாகூடப் பேசவே மாட்டீங்களே?"

"பேசாமத்தான் குடுத்தேன். வெள்ளிக்கிழமை. இவன் கையில குடுத்தனுப்பினேன். அவரே வெச்சுக்கட்டும்னுதான் குடுத்தேன்."

"உதயன் மாமா வேற சொல்றாரே?"

"அவனுக்கு விவரம் தெரியாது. குழம்பிட்டான். நீ அப்பாவை அனுப்பும்மா."

"பாய்…" என்றான் உதயன்.

"சும்மா இரு."

தள்ளுவண்டி நகர்ந்தது. இரும்புக் கதவு ஏறியது, இறங்கியது. ராணி அலறினாள். புஷ்பலதா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். போகிறபோது பழனியப்பன் உதயனின் தோளில் வேண்டுமென்றே இடித்துக்கொண்டு போனார். டீ கொடுத்தவள் உதயனைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்தாள்.

உதயன் பாயின் பின்னாலேயே மரத்தடிக்குப் போனான்.

"ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க? உண்மையத்தானே சொன்னேன்? இப்ப எல்லாரும் என்னைப் பொணத்து வாயில கை விடறவன்னு நினைக்கிறாங்க. க்யிம்யிண்டைங்ல இனி எவன் என்னை வீட்டுக்குள்ள விடுவான்?"

"விட மாட்டாங்க."

"நீங்க சொன்னது பொய்."

"ஆமா. அல்லாஹ் மன்னிக்கட்டும்." பாய் தரையில் குந்தினார். "அந்தப் பொண்ணு விரலைப் பிரிச்சு எடுத்த காசுய்யா. அதை வாயைத் திறந்து எடுன்னு நான் எப்படிச் சொல்வேன்?"

"என்னை ஏன் போய்க் கேக்கச் சொன்னீங்க அப்ப?"

"கோபத்துல சொன்னேன். நீ நிஜமாவே போய்க் கேப்பேன்னு நான் நினைக்கலை." காலடியில் கிடந்த ஒரு சருகைக் கிள்ளினார். "கேட்டுட்டே. அதுவும் எனக்கு விளங்கலை. மத்தியானம் வீட்ல இருக்குன்னு பொய் சொன்னவனும் நீதான், இப்ப எல்லார் முன்னாடியும் கேட்டவனும் நீதான். உன்னை என்னன்னு எடுத்துக்கறது?"

மணி மூன்றரை.

"பரீதா கிளம்பறதுக்குள்ள ஆபித்துக்குச் சொல்லியாகணும். அந்தப் பொண்ணுகிட்ட நான் சொன்ன பொய்யை அவன்கிட்ட சொல்ல முடியாது. அவன் காசு அது." பாய் போனை எடுத்தார். வி.பி.என். பிடிக்க நாலு தரம் முயன்றார். கிடைத்தது. ஒலிபெருக்கியில் போட்டு, போனை உதயனிடம் நீட்டினார். "நீயே சொல்லு."

லண்டனில் அப்போது காலை. திரையில் ஒரு பையன், தூக்கம் கலையாத முகம், பின்னால் ஜன்னல்.

"சலாம், மாமா… நீங்க யாரு?"

"நான் உதயசூரியன். உங்க மாமா உங்க காசைக் குடுத்து வெச்சிருந்தாரே, அது என்கிட்டதான்."

"ஓ, அங்கிள்! பார்த்தீங்களா? சூப்பரா இல்ல? உம்மாகிட்ட குடுத்துட்டீங்களா?"

"இல்லப்பா. அது… எங்க அண்ணன் ஒருத்தர் இருந்தாரு. அவரும் சேகரிக்கிறவரு. அவர் இறந்துட்டாரு. காசு அவர் வாயில…"

படம் உறைந்தது. குரல் உடைந்து வந்தது. "…யில? எங்க?"

"வாயில."

"வாயிலயா? முழுங்கிட்டாரா?"

"இல்ல, இல்ல. செத்த பிறகு வெச்சாங்க."

"செத்த பிறகு ஏன் காசு வெப்பாங்க?"

லைன் அறுந்தது. பாய் மறுபடி போட்டார். மூன்றாவது தரம் கிடைத்தது. ஆபித் இப்போது எழுந்து உட்கார்ந்திருந்தான். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அங்கிள், எனக்கு ஒண்ணுமே புரியலை. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. காசு வருமா, வராதா?"

உதயன் புகைபோக்கியைப் பார்த்தான். புகை வந்துகொண்டிருந்தது, அது இவர்களுடையதா, முந்தினவர்களுடையதா என்று தெரியவில்லை.

"வராது."

"யாரு தொலைச்சது? மாமாவா?"

ஷம்சுதீன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உதயன் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மாமா இல்ல. நான். மாமா குடுக்காதேன்னு சொன்ன ஆள்கிட்ட நான்தான் குடுத்தேன். அப்புறம் கைல இருக்குன்னு பொய்யும் சொன்னேன்."

லைன் மறுபடி அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தான். இல்லை. பையன் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அதை நான் ஆறு மாசம் தேடினேன் அங்கிள். கல்லாவுல வர்ற ஒவ்வொரு காசா."

"தெரியும்பா."

"உங்களுக்குத் தெரியாது." மூக்கை உறிஞ்சினான். "சரி. எதுக்கு வாயில வெச்சாங்க? அதையாவது புரியற மாதிரிச் சொல்லுங்க. உம்மா கேப்பாங்க, எனக்குச் சொல்லத் தெரியணும்."

"அது படகுக்கூலி. செத்தவங்க ஆத்தைக் கடந்து போகணும்ல, அதுக்கு."

"எந்த ஆறு?"

உதயன் யோசித்தான். டோ த்வேயிடம் அதைக் கேட்கவில்லை. அண்ணனிடமும் கேட்டதில்லை. ஷம்சுதீனைப் பார்த்தான். பாய் உதட்டைப் பிதுக்கினார்.

"அங்கிள்? இருக்கீங்களா? எந்த ஆறு?"

"இருப்பா," என்றான் உதயன். "விசாரிச்சுச் சொல்றேன்."

போனைக் கையில் பிடித்தபடியே, அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்ட கூட்டத்தை நோக்கி நடந்தான்.